செக்‌ஷன் 8 வவுச்சர் வந்தபின் எங்கே கோட்டைவிடுகிறோம்?

அமெரிக்காவில் வாடகைக்கு அரசு உதவி என்றதும் எல்லோர் வாயிலும் வருவது ‘செக்‌ஷன் 8’. முறைப்படி அதன் பெயர் ஹவுசிங் சாய்ஸ் வவுச்சர். பணம் மத்திய அரசின் வீட்டுவசதித் துறையான ‘ஹட்’ கொடுப்பது. நடத்துவது அந்தந்த ஊர் ஹவுசிங் அத்தாரிட்டி, அதாவது உள்ளூர் வீட்டுவசதி அமைப்பு. வருடக்கணக்கில் வெயிட்டிங் லிஸ்டில் காத்திருந்து வவுச்சர் வாங்கிய பிறகும், வீடு அமையாமல் அதை இழப்பவர்கள் பலர். வீட்டுக்காரர்கள் மறுப்பது ஒரு காரணம். கணக்கு புரியாமல் வீடு பார்ப்பது இன்னொன்று. இது நம் கையில் இருக்கிறது.

வவுச்சர் தரும்போது பேமெண்ட் ஸ்டாண்டர்ட் என்று ஒரு தொகை சொல்வார்கள்; உதவியைக் கணக்கிட அத்தாரிட்டி வைத்திருக்கும் உச்ச அளவு அது. இரண்டு படுக்கையறைக்கு 1,800 டாலர் என்று வைத்துக்கொள்வோம். உடனே 1,800 டாலர் வாடகையில் வீடு தேடக் கிளம்பினால் தவறு. அந்தத் தொகை வாடகைக்கு மட்டுமல்ல, குடியிருப்பவர் தலையில் விழும் கரண்ட், கேஸ், தண்ணீர் பில்லுக்கும் சேர்த்துத்தான். ஒவ்வொரு பில்லுக்கும் இவ்வளவு என்று அத்தாரிட்டியிடம் யுட்டிலிட்டி அலவன்ஸ் பட்டியல் இருக்கும். அதை வாடகையோடு கூட்டித்தான் முடிவு செய்வார்கள்.

கழிவுகள் போக மாத வருமானம் 2,000 டாலர் என்றால், பொதுவாக உங்கள் பங்கு அதில் 30 சதவீதம், அதாவது 600. அத்தாரிட்டி அதிகபட்சம் தருவது 1,800-இல் 600 போக 1,200. இப்போது ஒரு வீட்டு வாடகை 1,700. எல்லா பில்லும் உங்கள் பொறுப்பு, அலவன்ஸ் 250. கூட்டினால் 1,950. அதில் 1,200 போக உங்களுக்கு விழுவது 750. மொத்தம் பேமெண்ட் ஸ்டாண்டர்டைத் தாண்டும் வீட்டில் புதிதாகக் குடியேறும்போது, உங்கள் பங்கு அந்த வருமானத்தில் 40 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. இங்கே அது 800. ஆகவே இந்த வீடு தேறும். அதே வீட்டுக்கு வாடகை 1,800 கேட்டால் மொத்தம் 2,050, உங்கள் பங்கு 850. அத்தாரிட்டி மறுத்துவிடும். “மிச்சத்தை நானே போட்டுக்கொள்கிறேன்” என்றாலும் நடக்காது. ஆனால் எல்லா பில்லையும் சேர்த்தே 1,800 கேட்கும் வீடு கிடைத்தால் உங்களுக்கு வெறும் 600தான். 1,700 டாலர் வீட்டைவிட அதுதான் மலிவு. வீட்டுக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது “வாடகை எவ்வளவு” என்றல்ல, “எந்த பில்லை யார் கட்டுவது” என்று.

இரண்டு படுக்கையறை வவுச்சரை வைத்துக்கொண்டு ஒரு படுக்கையறை வீடு எடுத்தால், ஒரு படுக்கையறைக்கான தொகைதான் கணக்கில் வரும். பெரிய வீடு எடுத்தாலும் தொகை அதிகமாகாது.

அடுத்தது நாள் கணக்கு. வவுச்சரின் ஆரம்பக் கெடு குறைந்தது 60 நாள். நீட்டிப்பு பெரும்பாலும் அத்தாரிட்டியின் விருப்பம். கெடு முடிவதற்குள் எழுத்தில் கேளுங்கள். வீடு பிடித்ததும் வீட்டுக்காரரும் நீங்களும் நிரப்பி ஒப்படைக்க வேண்டியது, குடியேற ஒப்புதல் கேட்கும் ‘ரிக்வெஸ்ட் ஃபார் டெனன்சி அப்ரூவல்’ படிவம். அதைக் கொடுத்த நாளிலிருந்து பதில் வரும்வரை கெடு ஓடாது, நின்றுவிடும். இது பலருக்குத் தெரிவதில்லை. பில் விவரங்களை நிரப்பாமல் விட்டால் படிவம் திரும்பி வந்து இழுத்தடிக்கும்.

ஒப்புதலுக்கு முன்பே குடிபோய்விடுவது பெரிய இழப்பு. இன்ஸ்பெக்‌ஷனில் வீடு தேறி, வாடகை அக்கம்பக்கத்து வீடுகளோடு ஒப்பிட்டு நியாயமானது என்று ஆன பிறகே அத்தாரிட்டியின் பணம் தொடங்கும். அதற்கு முந்தைய நாட்களின் வாடகை முழுதும் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான். செக்யூரிட்டி டெபாசிட்டும் வவுச்சரில் வராது. தனியாகச் சேர்த்து வையுங்கள். வீடு பார்க்கும்போதே ஸ்மோக் அலாரத்தை அமுக்கிப் பாருங்கள், குழாயில் வெந்நீர் வருகிறதா, பிளக் பாயிண்டுகளுக்கு மூடி இருக்கிறதா, படிக்கட்டுக் கைப்பிடி ஆடுகிறதா என்று கவனியுங்கள். 1978-க்கு முன் கட்டிய வீட்டில் பெயிண்ட் உரிந்திருந்து, உங்களோடு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், ஈயம் கலந்த பெயிண்டாக இருக்கலாம் என்று அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

“செக்‌ஷன் 8 வாங்குவதில்லை” என்று வீட்டுக்காரர் சொன்னால் பேசாமல் திரும்பிவிடாதீர்கள். நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் வவுச்சருக்காக மறுப்பது சட்டவிரோதம். டெக்சாஸில் அந்தப் பாதுகாப்பு மாநில அளவில் இல்லை.

நம் குடும்பங்களில் அடிக்கடி எழும் யோசனை: கிரீன் கார்டில் வந்த அம்மா அப்பா, மகன் வாங்கிப்போட்ட வீட்டில் வவுச்சரோடு வாடகைக்கு இருக்கலாமே என்று. கூடாது. வீட்டு உரிமையாளர் பெற்றோர், பிள்ளை, தாத்தா பாட்டி, பேரன் பேத்தி, உடன்பிறந்தவர் என்றால் ஒப்புதல் கிடையாது. குடும்பத்தில் ஊனமுற்றவரின் தேவைக்காக மட்டும் விலக்கு உண்டு. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு உதவியே கிடையாது. ஆனால் அவர் குழந்தை அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தால், தகுதியுள்ளவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் குடும்பத்துக்குக் குறைந்த தொகை கிடைக்கும். தகுதியே இல்லை என்று முடிவுகட்டி விண்ணப்பிக்காமல் விடுவோர்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள்.

லீஸில் இல்லாத தொகையை வீட்டுக்காரர் ரொக்கமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். விதிப்படி அது மோசடி. கொடுத்தவரின் வவுச்சரும் போகலாம். வெயிட்டிங் லிஸ்டில் சேர்க்க யாராவது பணம் கேட்டால் அவர் ஏமாற்றுக்காரர். லிஸ்டில் இருக்கும்போது முகவரி மாறினால் உடனே தெரிவியுங்கள், ‘இன்னும் காத்திருக்கிறீர்களா’ என்று வரும் கடிதத்துக்குப் பதில் போகாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். குடியேறிய பிறகு வேலை மாறினாலும், வீட்டில் ஆள் கூடினாலும் எழுத்தில் சொல்லி நகல் வைத்துக்கொள்ளுங்கள். உதவியை நிறுத்துவதாகக் கடிதம் வந்தால், அதில் போட்டிருக்கும் தேதிக்குள் ‘இன்ஃபார்மல் ஹியரிங்’, அதாவது உங்கள் தரப்பைச் சொல்லும் விசாரணை, கேட்டு எழுதிக் கொடுங்கள். அந்த வட்டாரத்து இலவச சட்ட உதவி அலுவலகம் இதற்குத் துணைவரும்.