பிள்ளைங்க கூட உக்காந்து சீரியல் பாக்குதது எப்படி

டிவியை ஆஃப் பண்ணுங்கன்னு சொல்லுத ஆளு நான் இல்ல. நம்ம திருநெல்வேலிப் பக்கம் முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம்னு எந்தத் தெருவுல சாயங்காலம் நடந்தாலும் சொளவை (முறத்தை) மடியில வச்சு பீடி சுத்திக்கிட்டே சீரியல் பாக்குத பொம்பளையாளுவ இருப்பாவ, இருக்கிற ஒரே பொழுதுபோக்கையும் புடுங்கணும்னா நடக்கிற காரியமா. ஆனா பக்கத்துல வீட்டுப்பாடம் எழுதுத புள்ளையும் அதையேதான் பாக்கு. பொம்பளைன்னா இப்படி இருக்கணும், ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்னு அதுக்கு யாரும் பாடம் நடத்தல, அதுவா உள்ள எறங்குது. அதைப் புள்ளைக்கு எப்படிக் காட்டிக்குடுக்கன்னுதான் இது.

மொதல்ல சவுண்டை மியூட்ல போடுங்க, ஒரு சீன் ஓடுத வரைக்கும் போதும். வசனம் காதுல விழுந்தா நாமளும் கதைக்குள்ள போயி மாமியாரைத் திட்ட ஆரம்பிச்சிருவோம். மியூட்ல போட்டுட்டு யாரு கையில என்ன இருக்குன்னு மட்டும் புள்ளைகிட்ட கேளுங்க. ஆம்பள கையில கார் சாவி, ஃபைலு, லேப்டாப்பு (அந்த ஆபீஸ்ல அப்படி என்னதான் வேலைன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது). மருமவ கையில காபித் தட்டு, இல்லன்னா ஆரத்தித் தட்டு. வில்லி கையில ஒண்ணும் இருக்காது, வளையலு மட்டுந்தான், அடுப்படி வாசல்ல நின்னு முறைக்கதே அவளுக்கு வேலை.

இப்ப அப்படியே திரும்பி உங்க வீட்டு மதினி கையைப் பாக்கச் சொல்லுங்க. ஈரத்துணியில சுத்தி வச்ச இலையை எடுத்து, தகடு வச்சு அளவா வெட்டி, தூளை வச்சு உருட்டி, நூலைக் கட்டி, முனையை மடக்கி, அடுத்த இலை, கண்ணு மட்டும் டிவியில. ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி. ஸ்கூல் வேன் காசு பாதி அந்தச் சொளவுல இருந்துதான் போகும், ஆனா அதே புள்ளைகிட்ட "நம்ம வீட்டுல யாரு சம்பாதிக்கா"ன்னு கேட்டா டக்குன்னு "அப்பா"ன்னு சொல்லும். அப்ப திட்டாதீங்க, "அப்ப அத்தை கையில இருக்கது என்னது?"ன்னு மட்டும் கேட்டுட்டு விட்டுருங்க.

"வீட்டுல பொம்பளையாளுதானே சமைக்கா, டிவி உள்ளதைத்தானே காட்டுது"ன்னு யாராவது ஒரு சித்தப்பா சொல்லுவாவ. சரிதான், 2019ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேயில சொந்த வீட்டுல சம்பளமில்லாம வேலை பாக்குத பொம்பளையாளுவ ஒரு நாளைக்கு 299 நிமிசம், ஆம்பளையாளுவ 97 நிமிசம்னு வந்துச்சு. ஆனா அந்த 299 நிமிசத்தோட முதுகுவலி எந்த சீரியல்ல வருது? ஸ்கிரீன்ல அது பாசமா வரும், பட்டுச்சேலையோட வரும். காசு வாங்குத வேலைன்னா அதுவும் வராது. இருக்கதைக் காட்டுதேன்னு சொல்லி பாதியை ஒளிச்சு வைக்கான், எனக்குக் கோவம் வாரதே அதுலதான்.

அடுத்தது ஆளை மாத்திப் பாக்குதது. இது புள்ளைங்களுக்கு ரொம்பப் புடிக்கும். காஃப்மன்னு ஒரு சமூகவியல்காரர் 1970கள்ல விளம்பரப் படங்களை அலசும்போதே இந்த வழியைச் சொன்னாரு, ஆம்பள இருக்க எடத்துல பொம்பளையை வச்சு மனசுல நெனச்சுப் பாருங்கன்னு. பைக் விளம்பரத்துல அவ ஓட்டுதா, அவன் பின்னால ஒரு பக்கமா உக்காந்து முடி பறக்கச் சிரிக்கான். புள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கும். "ஏல, எதுக்குச் சிரிச்ச?"ன்னு கேளுங்க, பதிலு வராட்டியும் பரவாயில்ல. அப்படியே பாத்திரம் கழுவுத சோப்பு விளம்பரத்துல தாத்தாவை நிறுத்துங்க. அதுல எல்லாம் கழுவுதது அவ, கடைசியில இதுதான் பெஸ்டுன்னு கம்பீரமா சொல்லுதது ஒரு ஆம்பள குரலு, அதையும் கவனிக்கச் சொல்லுங்க.

நிறம் தனிக்கதை. 1975ல வந்த ஃபேர் அண்டு லவ்லி 2020ல பேர்ல இருந்த ஃபேரைத் தூக்கிட்டு க்ளோ அண்டு லவ்லி ஆச்சு. மறு வருசம் யுனிசெஃப்பும், சினிமா டிவியில ஆம்பள பொம்பளையை எப்படிக் காட்டுதாவன்னு ஆராயுத ஜீனா டேவிஸ் இன்ஸ்டிட்யூட்டும் இந்திய விளம்பரங்களைப் பாத்துச் சொன்னது, அதுல வார பொம்பளைங்கள்ல 66.9 சதவீதம் பேரு வெளுத்த நிறம், இல்ல ஓரளவு வெளுத்த நிறம். நம்மூரு வெயில்ல திரியுத நம்ம நிறத்துல ஒருத்தி விளம்பரத்துல எப்ப வாரான்னு தேடச் சொல்லுங்க, ஒரு ராத்திரிக்கு நல்ல வெளையாட்டு.

பையன்களை விட்டுராதீங்க. பாண்டுரான்னு ஒரு உளவியல்காரர் 1961ல ஸ்டான்ஃபோர்டுல பண்ணுன சோதனையில, பெரியாளு காத்தடிச்ச பொம்மையைப் போட்டு அடிக்கதைப் பாத்த புள்ளைங்க பொறவு அதே மாதிரி அடிச்சுது. ஆம்பள அடிச்சதைப் பாத்த பையன்கள் இன்னும் கூடுதலா அடிச்சாங்க. நம்ம படத்துல ஆம்பள அழுதா காமெடி, சமைச்சா காமெடி, பொண்டாட்டி சொன்னதைக் கேட்டா அதைவிடக் காமெடி. ஹீரோயினு லூசுப் பொண்ணா வருவா, வேண்டாம்னு சொன்னாலும் இவன் பின்னாலயே போவான், கடைசியில அவ சரின்னுருவா. இந்தச் சீன்ல மட்டும் மியூட் வேண்டாம், "ஏல, உங்க அக்கா பின்னால ஒருத்தன் இப்படி வந்தா என்ன செய்வ?"ன்னு கேட்டுருங்க.

கோயில் கொடை விழாவுல வில்லுப்பாட்டு கேட்டு வளந்தவங்களுக்குத் தெரியும், நம்ம இசக்கி அம்மன் தன்னை ஏமாத்திக் கொன்னவனை விடாம வந்து கணக்குத் தீத்தவ. கதையில கோவப்படுத பொம்பள நமக்குப் புதுசு இல்ல. இப்ப அந்தக் கோவம் முழுசும் வில்லிக்குப் போயிட்டு, நல்லவளுக்கு அழுகை மட்டும் மிச்சம். ஆச்சிகிட்ட இசக்கி கதை கேட்டுட்டு புள்ளையை சீரியல் பாக்க விடுங்க, அதுவே ஆயிரம் கேள்வி கேக்கும்.

கேள்வி எல்லாம் விளம்பர இடைவேளையில வச்சுக்கிடுங்க. சீன் நடுவுல கேட்டா ஆச்சி ஏசுவாவ. தெனமும் கேக்கவும் வேண்டாம், புள்ளைக்குச் சலிச்சுரும்.

விளம்பரம் ரொம்ப மோசமா இருந்துச்சுன்னா இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலுக்குப் புகார் போடலாம், ஆஸ்கின்னு சொல்லுவாவ. ஆணையோ பொண்ணையோ மட்டமாக் காட்டுத விளம்பரத்துக்குன்னே 2022ல வழிமுறை போட்டிருக்காவ. வெப்சைட்லயே எழுதலாம், எந்த சேனல், எப்ப வந்துச்சுன்னு குறிச்சு வச்சுக்கிடுங்க.

டிவியை விட இப்ப போன்தான் பெரிய ஆளு. டிவியாவது எல்லாருக்கும் ஒண்ணைத்தான் காட்டும், ரீல்ஸ் ஆளுக்குத் தக்கன பிரிச்சுல்லா காட்டுது. லீவு நாள்ல வீட்டுல இருக்க பையன் பாக்குத போனையும் பொண்ணு பாக்குத போனையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ரெண்டுலயும் ஒரே நேரத்துல தள்ளிக்கிட்டே போகச் சொல்லுங்க. அவனுக்கு ஜிம்மு, பைக்கு, கிரிக்கெட்டு. அவளுக்கு மேக்கப்பு, சமையலு, கல்யாண ப்ளவுசு. "ஏட்டி, உனக்கு ஏன் கிரிக்கெட் வரல?"ன்னு அவனே கேப்பான், அங்கன இருந்து ரெண்டு பேரும் பேசிக்கிடட்டும், நீங்க போயி காபி போடச் சொல்லி சித்தப்பாவை எழுப்புங்க.