விலை குறைந்த டேப்லெட் வாங்கும் முன்: அப்டேட் எத்தனை நாள் வரும் என்று பார்ப்பது எப்படி

நூலகத்தில் குழந்தைகள் படிக்கக் கொடுக்கும் டேப்லெட்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எல்லாமே விலை குறைந்த ரகம். அதனால் புதிதாக வாங்க நினைப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்பார்கள். ராம் எவ்வளவு, பேட்டரி எப்படி என்றுதான் பேச்சு தொடங்கும். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அந்த மாடல் எப்போது வெளியானது?

பெரும்பாலும் நிறுவனங்கள் சொல்லும் இத்தனை வருஷ அப்டேட் என்பது மாடல் வெளியான நாளிலிருந்து கணக்கு. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. விலை குறைந்த டேப்லெட்களோ வெளியாகி இரண்டு மூன்று வருஷம் ஆன பிறகும் விற்பனையில் இருக்கும். சாம்சங் கேலக்ஸி டேப் ஏ8 என்ற மாடலைப் பாருங்கள். 2021 டிசம்பரில் ஆண்ட்ராய்டு 11 உடன் அறிவித்தார்கள். 12, 13, 14 என்று மூன்று பதிப்புகள் வந்தன. இந்த விலைக்கு அது நல்ல கவனிப்புதான். ஆனால் அதையே 2023 கடைசியில் வாங்கியவருக்குக் கிடைத்தது 14 மட்டும். தள்ளுபடி விலையைப் பார்த்ததும் முதலில் இந்தக் கழித்தல் கணக்கைப் போடுங்கள்.

அப்புறம், அப்டேட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் வருகின்றன. ஒன்று, 13இலிருந்து 14க்குப் போவது போன்ற பதிப்பு மாற்றம். இன்னொன்று பாதுகாப்புத் திருத்தம். கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைப்பது இதுதான். 2015 ஆகஸ்டிலிருந்து கூகுள் மாதாமாதம் இந்தத் திருத்தங்களின் பட்டியலை வெளியிடுகிறது. அவற்றைத் தன் டேப்லெட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியது அதைத் தயாரித்த நிறுவனம். நிறையப் பேர் புதிய பதிப்பு வரவில்லையே என்று வருந்துகிறார்கள். எனக்கு அதில் பெரிய கவலை இல்லை. 2 ஜிபி ராம் உள்ள டேப்லெட்டில் பெரிய பதிப்பு ஏறினால் சில சமயம் வேகம் குறையும். பாதுகாப்புத் திருத்தம் நின்றால்தான் உண்மையான கவலை.

விலை குறைந்தவற்றில் ஏன் சீக்கிரம் நிற்கிறது? புதிய பதிப்பு ஓட வேண்டுமானால் உள்ளே இருக்கும் சிப்புக்கான மென்பொருளும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். அதைச் சிப் தயாரித்த மீடியாடெக், குவால்காம் போன்ற நிறுவனங்கள் தர வேண்டும். தந்த பிறகு டேப்லெட் நிறுவனம் ஆள் வைத்துச் சோதிக்க வேண்டும். ஏற்கெனவே விற்றுவிட்ட, லாபம் குறைந்த பொருளுக்கு அந்தச் செலவைச் செய்யப் பலர் தயாராக இல்லை. 2017இல் ஆண்ட்ராய்டு 8 உடன் வந்த பிராஜெக்ட் டிரெபிள், அதாவது சிப்புக்கான மென்பொருளை ஆண்ட்ராய்டிலிருந்து தனியாகப் பிரித்து வைக்கும் ஏற்பாடு, இந்த வேலையைக் கொஞ்சம் சுலபமாக்கியது. 2019இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோது, சில பகுதிகளைக் கூகுளே பிளே வழியாக நேராகப் புதுப்பிக்கும் வசதியும் சேர்ந்தது. இரண்டும் உதவிதான். ஆனால் மனமில்லாத நிறுவனத்தை எந்த வசதியும் வேலை செய்ய வைக்காது.

அதனால் வாக்குறுதியைவிடப் பழைய நடத்தையைப் பாருங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் மாடலுக்கு முந்தைய மாடல் எந்தப் பதிப்பில் தொடங்கியது, இப்போது எதில் நிற்கிறது என்று தேடுங்கள். பத்து நிமிஷ வேலை. சாம்சங்கின் பாதுகாப்புத் தளத்தில் எந்த மாடலுக்கு மாதத்துக்கு ஒருமுறை, எதற்குக் காலாண்டுக்கு ஒருமுறை என்று பட்டியலே இருக்கிறது. லெனோவோவும் எந்த டேப்லெட் எந்தப் பதிப்பு வரை போகும் என்று ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. அமேசான் ஃபயர் டேப்லெட்களுக்கும் பாதுகாப்பு அப்டேட் எவ்வளவு காலம் என்பது எழுத்தில் உண்டு. இப்படி எங்குமே எழுதி வைக்காத நிறுவனத்தின் டேப்லெட் என்றால், இனி அப்டேட்டே வராது என்று எடுத்துக்கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். விற்பவர் வாயால் சொல்வதை நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டு என்றால் அப்டேட் தானாக வந்துவிடும் என்று அவர்களில் பலர் நிஜமாகவே நம்புகிறார்கள்.

பழைய ஐபேட் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். வாங்கலாம், அதே கழித்தல் கணக்கோடு. 2019இல் வந்த ஏழாம் தலைமுறை ஐபேடுக்கு, அதை இயக்கும் மென்பொருளான ஐபேட்ஓஎஸ் 18ஆம் பதிப்பு வரை வந்தது. 18க்கு அடுத்து நேராக 26 என்ற எண்ணோடு 2025இல் வந்த பதிப்பு அதற்குக் கிடையாது. ஆறு வருஷம் என்பது நல்ல ஆயுள். ஆனால் அதை இன்று வாங்குபவர் அந்த ஆயுளின் வால் நுனியைத்தான் வாங்குகிறார்.

டேப்லெட் கைக்கு வந்துவிட்டதா? திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செட்டிங்ஸில் டேப்லெட் பற்றிய பகுதியைத் திறந்து, பாதுகாப்பு அப்டேட் தேதியைப் பாருங்கள். இருக்கிற அப்டேட் எல்லாவற்றையும் ஏற்றிய பிறகும் அந்தத் தேதி ஒரு வருஷத்துக்கு மேல் பழையதாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து பிளே ஸ்டோர் செட்டிங்ஸின் கடைசியில் பிளே புரொடெக்ட் சான்று, அதாவது கூகுளின் சோதனையில் தேறிய சாதனம் என்ற குறிப்பு, இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் தெரியாத சில டேப்லெட்கள் பழைய ஆண்ட்ராய்டை வைத்துக்கொண்டு திரையில் மட்டும் புதிய எண்ணைக் காட்டும். சான்று இல்லாததைக் குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சரி, அப்டேட் நின்றுபோன டேப்லெட் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? தூக்கிப் போட வேண்டாம். வங்கிச் செயலி, மின்னஞ்சல், பணம் கட்டும் செயலி எல்லாவற்றையும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள். முக்கியமான கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து எதையும் நிறுவாதீர்கள். பிரவுசர் புதுப்பிக்கப்படுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். கூகுளின் குரோம் பிரவுசர் 139ஆம் பதிப்பிலிருந்து, ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் ஓடும். 8, 9 உள்ள டேப்லெட்களில் இணையத்தில் உலாவுவதை நிறுத்திவிடுவது நல்லது. புத்தகங்களையும் பாடல்களையும் முன்கூட்டியே இறக்கி வைத்து, வைஃபையை அணைத்துவிட்டுக் கொடுங்கள். எங்கள் நூலகத்தில் அப்படிப்பட்ட டேப்லெட்களில் குழந்தைகள் இன்னும் படம் பார்த்துக் கதை படிக்கிறார்கள்.