சென்டரா, மிடிலா? ஆங்கிலத்தில் ‘நடு’ சொல்லப் பழகுவோம்

நடு வீதி, நடு இரவு, நடு மேசை, ஊருக்கு நடுவே. தமிழில் இத்தனைக்கும் ‘நடு’ என்ற ஒரு சொல் போதும். ஆங்கிலத்தில் கதைக்கத் தொடங்கினால் அந்த இடத்தில் சென்டர், மிடில் என்று இரண்டு சொற்கள் வந்து நிற்கும், அகராதியைப் புரட்டினால் அதுவும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பொருளைத்தான் போட்டிருக்கும். புதிதாக ஆங்கிலம் பழகுகிறவர்கள் பலர் இதில் தடுமாறுவதைப் பார்த்துத்தான் இதைப் படிப்படியாக எழுதுகிறேன். இலக்கணப் பெயர்கள் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம்.

படி 1: கவராயத்தை நினையுங்கள்

சென்டர் என்ற சொல்லின் வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. ‘கென்ட்ரோன்’ என்றால் கூரான முனை, மாட்டை ஓட்டுகிற தார்க்குச்சி. வட்டம் வரையும்போது கவராயத்தின் ஊசி குத்தி நிற்கிற புள்ளிக்கும் அதே பெயர் வந்தது, பிறகு லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. இன்னொரு பக்கம் அதே கிரேக்கச் சொல் சோதிடத்தோடு சேர்ந்து சமஸ்கிருதத்துக்குள் நுழைந்து ‘கேந்திரம்’ ஆனது. சாதகத்தில் 1, 4, 7, 10ஆம் இடங்களைக் கேந்திரம் என்று சொல்வார்களே, அதுதான். எனக்கு மிகவும் பிடித்த சொல் வரலாறுகளில் இது ஒன்று. சரி, நமக்கு வேண்டியது அந்த ஊசிமுனை: சென்டர் என்றால் ஒரு புள்ளி, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஏதோ இருக்கிறது.

படி 2: ஒரு கேள்வி கேளுங்கள்

வாயைத் திறக்குமுன் மனதுக்குள் கேளுங்கள்: இந்தப் பொருளுக்குச் சுற்றுப்புறம் இருக்கிறதா, இல்லை தொடக்கமும் முடிவுமாக இரண்டு முனைதான் இருக்கிறதா? வட்டம், மைதானம், நகரம் இவற்றுக்குச் சுற்றுப்புறம் உண்டு, ஆகவே சென்டர். வீதி, வரிசை, கதை, மாதம், இரவு இவற்றுக்கு இரண்டு முனை, ஆகவே மிடில். கொழும்பின் காலி வீதியில் வாகனங்களுக்கிடையே ஒருவர் நின்றால் அவர் நிற்பது ‘இன் த மிடில் ஆஃப் த ரோட்’. அறை, மேசை மாதிரியானவற்றுக்கு இரண்டும் சரி. சென்டர் என்றால் அளந்து வைத்த மாதிரி சரியான நடு, மிடில் என்றால் ஓரத்தில் இல்லாமல் ஏறக்குறைய நடுவில், அவ்வளவுதான் வித்தியாசம்.

நேரத்துக்கு மட்டும் சந்தேகமே வேண்டாம், எப்போதும் மிடில். ‘சென்டர் ஆஃப் த நைட்’ என்று யாரும் சொல்வதில்லை. செய்துகொண்டிருக்கிற வேலைக்கும் அப்படித்தான்: சமைக்கும்போது தொலைபேசி வந்தால் ‘ஐ ஆம் இன் த மிடில் ஆஃப் குக்கிங்’ என்று சொல்லலாம், பிறகு எடுக்கிறேன் என்பது அதிலேயே அடங்கிவிடும்.

படி 3: நிலையம் வந்தால் சென்டர்

ஒரு காரியத்துக்காக ஆட்கள் வந்து கூடுகிற இடமும் சென்டர்தான். பரீட்சை நிலையம், சனசமூக நிலையம் என்று நாம் ‘நிலையம்’ போடுகிற பல இடங்களில் ஆங்கிலம் சென்டர் போடும். ஆனால் பொலிஸ் நிலையம், புகையிரத நிலையம் இரண்டும் ஸ்டேஷன், அவற்றை மாற்றக் கூடாது.

படி 4: சென்ட்ரல் என்றால் நடுவில் என்று மட்டும் நினைக்காதீர்கள்

இலங்கை மத்திய வங்கியைப் பாருங்கள். 1950இல் தொடங்கியது, தலைமையகம் கொழும்புக் கோட்டையில், தீவின் மேற்குக் கரையோரத்தில் இருக்கிறது. எதன் நடுவிலும் இல்லை. பிறகு ஏன் சென்ட்ரல் பேங்க்? நாட்டின் பணத்தையும் மற்ற வங்கிகளையும் ஓரிடத்திலிருந்து மேற்பார்வை செய்வதால். மத்திய மாகாணத்தில் வருகிற சென்ட்ரல் இட அமைப்பைச் சொல்கிறது, மத்திய வங்கியில் வருவது அதிகாரத்தைச் சொல்கிறது. மூன்றாவதாக, ஒரு விடுதியை ‘வெரி சென்ட்ரல்’ என்றால் பஸ், கடை எல்லாம் பக்கத்தில், போய்வரச் சுலபம் என்று அர்த்தம். ‘சென்ட்ரல் டு’ என்று வந்தால் அது இல்லாமல் காரியம் நடக்காது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: கூட வருகிற சின்னச் சொற்கள்

இடமென்றால் பெரும்பாலும் ‘இன் த சென்டர்’. ஒரு சர்ச்சைக்கோ கதைக்கோ மூலமாக நிற்பவரைச் சொல்ல ‘அட் த சென்டர்’. வினையாக வரும்போது ‘சென்டர் ஆன்’ என்று எழுதுங்கள். ‘சென்டர் அரவுண்ட்’ என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், ஆனால் புள்ளி எப்படி எதையாவது சுற்றி நிற்கும் என்று குறை சொல்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பரீட்சையில் எதற்கு வம்பு.

படி 6: எழுத்து

சென்டர் என்ற சொல்லை எழுத நம் பள்ளிக்கூடங்களில் பிரித்தானிய முறை, கடைசியில் ஆர் வந்து அதன் பிறகு ஈ வரும். அமெரிக்கர்கள் இதைத் திருப்பி எழுதுவார்கள், 1828இல் நோவா வெப்ஸ்டரின் அகராதி அந்த எழுத்தை அங்கே நிலைநிறுத்த உதவியது. கட்டடப் பெயர் என்றால் பலகையில் இருக்கிறபடியே எழுதுங்கள்: கோட்டையிலுள்ள வேர்ல்ட் ட்ரேட் சென்டர் அமெரிக்க எழுத்தில் இருக்கிறது, கொம்பனித்தெருப் பக்கம் உள்ள கொழும்பு சிட்டி சென்டர் பிரித்தானிய எழுத்தில் இருக்கிறது. இணையத்தளம் கட்டப் பழகுகிறவர்களுக்கு ஒன்று: பக்கத்தின் தோற்றத்தை அமைக்கிற சிஎஸ்எஸ் மொழியில் வரிகளை நடுவுக்குக் கொண்டுவர அமெரிக்க எழுத்து மட்டும்தான் வேலை செய்யும், பிரித்தானிய எழுத்தில் போட்டால் உலாவி அந்த வரியைக் கண்டுகொள்ளாது.

இப்போது இவற்றை நீங்களே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: மாத நடுவில் சம்பளம், மைதானத்தின் நடுவில் கொடிக்கம்பம், வரிசையின் நடுவில் அக்கா. விடை மிடில், சென்டர், மிடில்.