டிராமிசு ஏன் தட்டில் நிற்க மாட்டேன் என்கிறது?

வீட்டில் டிராமிசு செய்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே குறைதான் சொல்வார்கள். சுவை நன்றாக இருந்தது, ஆனால் துண்டு போட வரவில்லை, கரண்டியால் அள்ளித்தான் சாப்பிட்டோம் என்பார்கள். காபியில் நனைத்த பிஸ்கட்டையும் கிரீமையும் அடுக்கடுக்காக வைத்துச் செய்யும் இத்தாலிய இனிப்பு இது. அடுப்பில் வேகாது, இறுகச் செய்ய ஜெலட்டினும் கிடையாது. அதனால் அளவுக்கு மேல் சேரும் ஈரமெல்லாம் கடைசியில் பாத்திரத்தின் அடியில் வந்து தேங்கிவிடும்.

பெரிய தவறு பிஸ்கட்டை நனைக்கும்போதுதான் நடக்கிறது. சவோயார்டி என்னும் விரல் நீள இத்தாலிய பிஸ்கட்டின் உள்ளே ஸ்பாஞ்ச் போலக் காற்றறைகள் இருக்கும், காபியை மடமடவென்று குடித்துவிடும். டீயில் ரஸ்க்கை முக்கிப் பழகிய கை நமக்கு, இங்கே அது உதவாது. ஒரு பக்கம் ஒரு நொடி, திருப்பி இன்னொரு நொடி, அவ்வளவுதான். சந்தேகமாக இருந்தால் முதல் பிஸ்கட்டை நனைத்து இரண்டாக ஒடித்துப் பாருங்கள். ஓரமெல்லாம் பழுப்பாகி, நடுவில் மட்டும் வெளிர் மஞ்சளாக ஒரு கோடு காய்ந்து நின்றால் சரியான பதம். ஐயோ, காய்ந்திருக்கிறதே என்று மறுபடி முக்காதீர்கள். ஃபிரிட்ஜில் இருக்கும் நேரத்தில் சுற்றியுள்ள ஈரம் அந்தக் கோட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

காபி ஆறியிருக்க வேண்டும். சூடான காபியில் பிஸ்கட் இன்னும் வேகமாகக் குழைந்துவிடும், மேலே வைக்கிற கிரீமும் இளகும். திக்காகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் கிரீமின் இனிப்புக்கு எதிரே நிற்கப்போவது அந்தக் கசப்புதான். ஃபில்டரில் இறங்கும் முதல் டிகாக்ஷன் இதற்கு அருமையாகப் பொருந்தும். சிக்கரி கலக்காத பொடியாக இருந்தால் காபி மணம் தெளிவாக நிற்கும் என்பது என் அனுபவம்.

அடுத்தது மஸ்கார்போன், அதாவது கிரீமுக்கு அடிப்படையான மென்மையான இத்தாலிய சீஸ். அதில் 40 சதவீதம் அளவுக்குக் கொழுப்பு உண்டு. மத்தால் கடைந்தால் வெண்ணெய் திரள்கிறதே, மெஷினை வேகமாக ஓடவிட்டால் இங்கேயும் அதே கதைதான்: கொழுப்பு திரிதிரியாகி நீர் பிரிந்துவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, கரண்டியால் இளக்கினாலே போதும். சில்லென்று அப்படியே கலந்தால் கட்டி கட்டியாக நிற்கும், அதை உடைக்கப் போய்த்தான் பலரும் அதிகமாக அடித்துவிடுகிறார்கள்.

மஸ்கார்போன் கிடைக்காதவர்கள் கிரீமை அடித்துச் சேர்ப்பார்கள். 25 சதவீதக் கொழுப்பு என்று பாக்கெட்டில் போட்டிருக்கும் கிரீம் எவ்வளவு அடித்தாலும் நிற்காது. 35 சதவீதம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கட்டித் தயிர் புளிப்பு காட்டும், அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இந்த இனிப்பைப் பிரபலமாக்கிய வட இத்தாலிய நகரம் ட்ரெவிசோ. அங்கே லே பெக்கெரியே உணவகத்தின் முறையில் முட்டையின் மஞ்சள் கரு, சர்க்கரை, மஸ்கார்போன் இவ்வளவுதான் கிரீம். வெள்ளைக்கருவும் இல்லை, மதுவும் இல்லை. ஆனால் மஞ்சள் கரு பச்சையாகவே சேரும். வீட்டில் குழந்தைகளோ கர்ப்பிணிகளோ இருந்தால் அப்படிக் கொடுக்க வேண்டாம். கருவையும் சர்க்கரையையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் தண்ணீருக்கு மேல், அடி தண்ணீரில் படாமல் பிடித்து, கை விடாமல் அடியுங்கள். தெர்மாமீட்டர் 71 டிகிரி செல்சியஸ் காட்டியதும் இறக்கிவிடலாம். சூடு எல்லை மீறினால் முட்டைப் பொரியல்தான் மிஞ்சும். நன்றாக ஆறிய பிறகே மஸ்கார்போனோடு சேர்க்க வேண்டும்.

அப்புறம், அவசரம் கூடாது. குறைந்தது 6 மணி நேரம் ஃபிரிட்ஜில் இருக்கட்டும், முதல் நாள் ராத்திரியே செய்து வைப்பது இன்னும் நல்லது. கோகோவை மட்டும் அப்போதே தூவிவிடாதீர்கள், ஈரம் ஏறிக் கறுத்துத் திட்டுத் திட்டாகிவிடும். பரிமாறுகிற நேரத்தில் டீ வடிகட்டியால் சலித்துத் தூவி, கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு வெட்டுங்கள்.