ஐ.எல்.ஆர்: விதி மாறும் என்ற பதற்றத்தில் செய்யும் தவறுகள்

பிரிட்டனில் 5 ஆண்டு வேலை விசாவில் இருந்தால் ஐ.எல்.ஆர் என்ற நிரந்தர வதிவுரிமை கேட்கலாம் என்பதை நம்பித்தான் பலர் அங்கே போனார்கள். அதைப் பொதுவாக 10 ஆண்டாக்கவும், பட்டப்படிப்பு தேவைப்படாத வேலைகளுக்கு 15 ஆண்டாக்கவும் 2025 நவம்பர் 20 அன்று அரசு வெளியிட்ட கருத்துக்கேட்பு ஆவணம் முன்மொழிந்தது. முதியோர் பராமரிப்பு வேலையில் இருப்பவர்களுக்கு இது பேரிடி. அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் பயத்தில் எடுக்கும் அவசர முடிவு, கையில் இருக்கும் விசாவுக்கே வினையாகலாம்.

முதல் தவறு, முன்மொழிவையே விதியென்று நம்புவது. விதிமாற்ற அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டு, அதில் குறித்த தேதி வந்தால்தான் விதி மாறும். அந்த அறிக்கையில் இரண்டைத் தேடுங்கள்: எந்தத் தேதியிலிருந்து, யாருக்கு. 2025 ஜூலை 22 அன்று ஸ்கில்டு ஒர்க்கர் என்ற திறன்சார் வேலை விசாவின் குறைந்தபட்சப் பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 38,700 பவுண்டிலிருந்து 41,700 ஆனது. அதற்கு முன்பே வேலை தரும் நிறுவனத்திடமிருந்து ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் கிடைத்து விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய விதியே பொருந்தியது. 2026 ஜனவரி 8 முதல் ஆங்கிலத்தில் பி2 என்ற உயர் இடைநிலைத் தேர்ச்சி கட்டாயமானது, இந்த விசாவை முதன்முறை கேட்பவர்களுக்கு. தலைப்புச் செய்தியில் இந்த விவரம் இருக்காது.

'மாறுவதற்குள் போட்டுவிடலாம்' என்று முந்திக்கொள்வது அடுத்த தவறு. தேவையான காலம் முடிய 28 நாள் இருக்கும்போதிலிருந்துதான் ஐ.எல்.ஆர் விண்ணப்பம் போடலாம். அதற்கும் முன்னால் போட்டால் நிராகரிப்பு வரலாம், வந்தால் கட்டிய கட்டணமும் திரும்பாது. மாணவர் விசாவிலும், படிப்பு முடித்தபின் தங்க உதவும் கிராஜுவேட் விசாவிலும் கழித்த ஆண்டுகள் இந்த 5 ஆண்டில் சேராது.

அதிகம் பேர் சறுக்குவது பிரிட்டனுக்கு வெளியே கழிக்கும் நாள்கணக்கில். வரம்பு 180 நாள். அது ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று எண்ணுவதல்ல, தொடர்ச்சியான எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 180ஐத் தாண்டக் கூடாது. செப்டம்பர் தொடங்கி டிசம்பருக்குள் 100 நாள் ஊரில் இருந்துவிட்டு, அடுத்த ஏப்ரலுக்குள் இன்னொரு 90 நாள் போனால், தனித்தனி ஆண்டில் சரியாகத் தெரியும், சேர்த்தால் 190. கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் கணக்கில் வராது. ஒவ்வொரு பயணத்தையும் தேதியோடு எழுதி வையுங்கள், ஐந்து ஆண்டு கழித்துப் பாஸ்போர்ட் முத்திரையைத் தேடுவது பெரும்பாடு.

விண்ணப்பம் போட்டபின், முடிவு வருமுன் நாட்டைவிட்டுப் போகாதீர்கள், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகவே கொள்வார்கள். ஐ.எல்.ஆருக்குத் தேவையான, பிரிட்டன் வாழ்க்கை, வரலாறு பற்றிய லைஃப் இன் த யுகே தேர்வைக் கடைசி மாதத்துக்குத் தள்ளவும் வேண்டாம். 24 கேள்விகளில் 18 சரியாக இருந்தால் போதும். தேர்ச்சி காலாவதி ஆகாது, இப்போதே எழுதலாம்.

குடியுரிமைக்கு வேறு கணக்கு: வெளியே இருக்கும் நாள் 5 ஆண்டில் 450ஐயும், கடைசி 12 மாதத்தில் 90ஐயும் தாண்டக் கூடாது. இதோடு பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 2027 மார்ச் 10 அன்று விண்ணப்பித்தால், 2022 மார்ச் 11 அன்று நீங்கள் பிரிட்டன் மண்ணில் இருந்திருக்க வேண்டும். அன்று சென்னையில் இருந்திருந்தால், தேதியைத் தள்ளிப் போடுங்கள்.