பத்தாவது முடிச்சாச்சு, இனி எந்த குரூப் எடுக்க?

பத்தாவது ரிசல்ட் வந்த அன்றைக்கே எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான். 450-க்கு மேல் என்றால் கணக்கு-உயிரியல் உள்ள பர்ஸ்ட் குரூப், 400 பக்கம் என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ், அதற்கும் கீழே என்றால் காமர்ஸ் என்று மதிப்பெண்ணைப் பார்த்தே முடிவு கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிள்ளை எந்தக் காலேஜில் எதைப் படிக்க ஆசைப்படுகிறது, அங்கே சேர என்னென்ன பாடம் கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள், அதை வைத்து ப்ளஸ் ஒன் குரூப்புக்கு வாருங்கள்.

திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலில் அக்கா வீட்டில் இதைத்தான் செய்தோம். அக்கா மகளுக்கு 463. காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கம் நடுவில் கோடு போட்டேன். "ஏட்டி, மாமா கேக்காம்லா, வாயைத் திறந்து சொல்லு" என்று அக்கா அதட்டினாள். அவள் தொழுவைப் பார்த்துக்கொண்டே "மாட்டு டாக்டருக்குப் படிக்கணும் மாமா" என்றாள். அத்தானுக்கு இன்ஜினியரிங் ஆசை. அக்கா, நர்சிங் என்றாலும் சரி என்றாள். மூன்றையும் இடப்பக்கம் எழுதி, வலப்பக்கம் பாடங்களை எழுதினால் இயற்பியலும் வேதியியலும் மூன்றுக்கும் வேண்டும், உயிரியல் இரண்டுக்கு வேண்டும், கணக்கு இன்ஜினியரிங்குக்கு மட்டும். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிட்டது.

ஒரு பாடத்தை விட்டால் எது எது கிடைக்காமல் போகும் என்பதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். கணக்கை விட்டால் இன்ஜினியரிங், ஆர்க்கிடெக்சர், கப்பல் படிப்பு, என்.டி.ஏ. என்கிற ராணுவ அகாடமி வழியாகக் கடற்படை, விமானப்படை எல்லாம் போச்சு. டெல்லி பல்கலைக்கழகத்தில் எகனாமிக்ஸ் ஆனர்ஸ் படிக்கவும் கணக்கு வேண்டும். உயிரியலை விட்டால் எம்.பி.பி.எஸ்., பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரி, ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரி, நர்சிங் இதெல்லாம் கைவிட்டுப் போகும். ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்தை எடுக்காததால் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கிடைக்காமல் போகாது. இது நிறைய வீடுகளில் தெரியவில்லை. இன்ஜினியரிங் சேர்க்கைக்கான கட்-ஆஃப் மதிப்பெண் 200-க்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, அவ்வளவுதான். அதனால் டாக்டரா இன்ஜினியரா என்று இன்னும் மனசு தீரவில்லை என்றால் கணக்கு-உயிரியல் குரூப்தான் பத்திரம், இரண்டு பக்கமும் போகலாம். பாரமும் அதில்தான் அதிகம்.

அந்தப் பாரத்தைப் பிள்ளை தாங்குமா என்று சேர்வதற்கு முன்னாலேயே சோதித்துப் பார்க்க முடியும். ஒரு வருஷம் மூத்த பிள்ளை வீட்டில் ப்ளஸ் ஒன் கணக்குப் புத்தகம் முதல் தொகுதியை இரவல் வாங்குங்கள். முதல் பாடம் கணங்கள், தொடர்புகள், சார்புகள். நாலு நாள் தினமும் ஒரு மணி நேரம், டியூஷன் இல்லாமல், பிள்ளையே படித்து உதாரணக் கணக்குகளைப் போட்டுப் பார்க்கட்டும். எல்லாம் சரியாக வர வேண்டும் என்றில்லை, தப்பு வந்தாலும் திரும்ப உட்காரத் தோன்றுகிறதா என்று பாருங்கள். அக்கா மகள் மூன்றாம் நாள் நோட்டை மூடி வைத்துவிட்டாள், ஆனால் அதே வாரம் விலங்கியல் புத்தகத்தில் பாதியைத் தானாகவே முடித்திருந்தாள். தாவரவியல், விலங்கியல் உள்ள பியூர் சயின்ஸ் எடுத்தாள். அத்தானுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் மாநில ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவம் ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கிடைப்பது, அங்கே கணக்கு கேட்பதில்லை என்று சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார்.

அப்புறம் பள்ளிக்கூடம். இதில்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியாமல் இழக்கிறார்கள். கிராமத்து அரசுப் பள்ளியில் பத்தாவது வரை படித்துவிட்டு, நல்ல மதிப்பெண் வந்ததும் பாளையங்கோட்டையில் பெயர் பெற்ற உதவிபெறும் பள்ளியிலோ தனியார் பள்ளியிலோ ப்ளஸ் ஒன் சேர்த்துவிடுகிறார்கள். காலேஜ் சேர்க்கையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத்தான். உதவிபெறும் பள்ளி அதில் சேராது. மருத்துவத்துக்கு 2020-லும், இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டத்துக்கு 2021-லும் வந்தது. கடைசி இரண்டு வருஷம் மாறினால் முந்தைய ஐந்து வருஷமும் கணக்கில் வராது. மாறவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் டி.சி. வாங்கப் போகும் முன் இதைத் தெரிந்துகொண்டு போங்கள், டி.சி. வாங்கின பிறகு கேட்டு அழுத இரண்டு தாய்மாரை எனக்குத் தெரியும்.

எந்தப் பள்ளியானாலும் ஹெட்மாஸ்டரிடம் ஒன்று கேளுங்கள்: "சார், ப்ளஸ் ஒன் பாடத்தை முழுசா நடத்துவீங்களா?" நான் படித்த பள்ளியில் ஆறு மாதத்தில் ப்ளஸ் ஒன்னை மூட்டை கட்டிவிட்டு ப்ளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிட்டார்கள். ப்ளஸ் டூவில் நல்ல மார்க்தான். ஆனால் இன்ஜினியரிங் முதல் செமஸ்டரில் நுண்கணிதம் வந்தபோது ஒன்றுமே புரியாமல் உட்கார்ந்திருந்தேன், அந்த அடிப்படை எல்லாம் நடத்தாமல் விட்ட பாதியில் இருந்தது. 2025-26 முதல் ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வும் இல்லை என்பதால் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டில் 180 கேள்வி, 720 மதிப்பெண், அதில் உயிரியல் மட்டும் 90 கேள்வி. நீட்டானாலும் இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. ஆனாலும் இரண்டு வருஷப் பாடத்திலிருந்தும் வரும். நீட்டும் ஜே.இ.இ. மெயினும் தமிழில் எழுதலாம். ஐ.ஐ.டி.க்கான அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான், அதனால் அந்த ஆசை உள்ள தமிழ் வழிப் பிள்ளைகள் முதல் நாளிலிருந்தே கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் நோட்டில் எழுதி வரட்டும்.

காமர்ஸ் மட்டமான குரூப் இல்லை. ஆடிட்டர் படிப்பின் முதல் தேர்வான சி.ஏ. பவுண்டேஷனை எந்த குரூப் படித்தவரும் எழுதலாம், ஆனால் அக்கவுண்டன்சி படித்த பிள்ளைக்கு அது பாதி தெரிந்த பாடம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷனுக்குப் பதில் வணிகக் கணிதம் கிடைத்தால் அதை எடுங்கள், பவுண்டேஷனில் கணக்குக்கே ஒரு தாள் உண்டு. வக்கீலுக்குப் படிக்க, தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு எழுத, எந்த குரூப்பும் சரி.

சேர்ந்த பிறகு இந்த குரூப் சரிப்படவில்லை என்று தோன்றினால் முதல் மாதத்துக்குள் வகுப்பு ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள், இடம் இருந்தால் மாற்றித் தருவார்கள். காலாண்டு மார்க் வரட்டும் என்று காத்திருந்தால் பாடம் வெகுதூரம் போயிருக்கும். ப்ளஸ் ஒன் முடிந்ததும் அந்தப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் போட வேண்டாம். அக்கா மகள் இப்போது ப்ளஸ் டூ, ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பழைய விலங்கியல் புத்தகத்தோடுதான் தொழுவத்துத் திண்ணையில் உட்காருகிறாள்.