கேஸ் மாறினால் லோடும் மாறும்: ரைஃபிள் ரீலோடிங்கில் பித்தளையைப் பிரித்துச் சோதிக்கும் முறை

ரீலோடிங் என்பது சுட்ட கேஸில் (தோட்டாவின் பித்தளைக் கூட்டில்) புதுப் பிரைமர், பவுடர், புல்லட் வைத்து மீண்டும் தோட்டா செய்வது. அதற்கான கையேட்டில் ஒவ்வொரு லோடுக்கும், அதாவது இவற்றின் ஒவ்வொரு சேர்க்கைக்கும், புல்லட்டின் எடை, பவுடரின் பெயர், பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி), தோட்டாவின் மொத்த நீளம் எல்லாம் குறித்திருக்கும். எந்த நிறுவனத்தின் கேஸில் சோதித்தார்கள் என்பதும் அங்கேயே இருக்கும். பலர் படிக்காமல் தாண்டிப் போவது அந்த வரியைத்தான். கையேட்டில் உள்ள அதிகபட்ச அளவு அந்தக் கேஸுக்கு உரியது. வேறு கேஸில் அதே அளவு பவுடரைப் போட்டால் அது வேறு லோடு.

சுடும்போது பித்தளை விரிந்து, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே, யார் செய்த கேஸாக இருந்தாலும் வெளியளவு ஒன்றுதான்; சுவரும் அடிப்பகுதியும் எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்து உள்ளே இருக்கும் இடம்தான் கூடும், குறையும். இடம் குறைந்தால் அழுத்தம் சீக்கிரம் ஏறும். அழுத்தம் ஏற ஏறப் பவுடர் இன்னும் வேகமாக எரியும். அதனால் கொள்ளளவில் தெரியும் சின்ன வித்தியாசம் அழுத்தத்தில் பெரிதாக வெளிப்படும்.

இது நன்றாகத் தெரிவது .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையில். 7.62×51 நேட்டோ ராணுவக் கேஸ்கள் பெரும்பாலும் தடித்தவை. எல்.சி. (லேக் சிட்டி ராணுவ ஆலை) முத்திரையுள்ள கேஸ் ஒன்று 180 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) எடையில் நிற்கும்; மெல்லிய வணிகக் கேஸ் 160 கிரெயினை ஒட்டியே இருக்கலாம். பித்தளையின் அடர்த்தி தண்ணீரைப்போல சுமார் 8.5 மடங்கு. எனவே 17 கிரெயின் கூடுதல் பித்தளை, ஏறத்தாழ 2 கிரெயின் தண்ணீருக்கான இடத்தைத் தின்றுவிடும். .223-லும் 5.56 நேட்டோவிலும் இந்த இடைவெளி மிகக் குறைவு. ‘ராணுவக் கேஸ் என்றாலே 10 சதவீதம் குறை’ என்ற பழைய விதியைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் காலிபருக்கும் பொருத்துவது சரியல்ல. அளந்து பார்ப்பதே வழி.

முதல் வேலை பிரிப்பது. ஹெட்ஸ்டாம்ப் (கேஸின் அடியில் உள்ள தயாரிப்பாளர் முத்திரை), ஆண்டு முத்திரை, இதுவரை எத்தனை முறை சுட்டது ஆகிய மூன்றையும் வைத்துத் தனித்தனிப் பெட்டியில் போடுங்கள். சுடுதளத்தில் பொறுக்கிய கேஸின் கடந்த காலம் யாருக்கும் தெரியாது. இயந்திரத் துப்பாக்கியில் சுட்ட 7.62 கேஸாகவும் இருக்கலாம். அத்தகைய துப்பாக்கிகளின் சேம்பர் தாராளமானது என்பதால் கேஸ் முதல் முறையிலேயே நீண்டுபோயிருக்கும். ஸ்டீல், அலுமினியக் கேஸ்களை அப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

எடை பார்ப்பது ஒரே லாட்டுக்குள் (ஒரே தொகுதிக் கேஸ்களுக்குள்) விலகி நிற்பதைக் கண்டுபிடிக்க உதவும். இரண்டு கம்பெனிக் கேஸ்களை ஒப்பிட அது போதாது. எக்ஸ்ட்ராக்டர் பள்ளம் (கேஸை வெளியே இழுக்கும் கொக்கி பிடிக்கும் இடம்) ஆழமாக வெட்டப்பட்டிருந்தால் எடை குறையும், உள்ளே இடம் கூடாது. அங்கே தண்ணீர் அளவுதான் தீர்ப்பு சொல்லும்:

1. உங்கள் ரைஃபிளில் சுட்ட, இன்னும் சைஸ் செய்யாத (டை என்ற அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவராத) கேஸ்கள் ஐந்தை ஒவ்வொரு லாட்டிலிருந்தும் எடுங்கள். சைஸ் செய்தவற்றை அளந்தால் உங்கள் டையின் அளவுதான் தெரியும்.
2. பழைய பிரைமரைக் கழற்ற வேண்டாம்; அதுவே அடைப்பானாக இருக்கட்டும். ஐந்தையும் ஒரே நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள்.
3. வெறுங்கேஸை எடைபோட்டுக் குறியுங்கள்.
4. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வாயின் விளிம்புக்குச் சமமாக நிரப்புங்கள். மேடாகவோ குழியாகவோ நிற்கக் கூடாது. உள்ளே குமிழி இருந்தால் தட்டி வெளியேற்றுங்கள்.
5. மீண்டும் எடைபோடுங்கள். இரண்டு எடைகளின் வித்தியாசமே கொள்ளளவு.

.308-ல் இது ஏறத்தாழ 54 முதல் 58 கிரெயின் வரை வரும். இரண்டு லாட்டுகளின் சராசரி 1 கிரெயின் விலகினாலே அவற்றைத் தனி லோடாக நடத்துங்கள்.

புதிய லாட்டுக்கு மாறினால் கையேட்டின் ஆரம்ப அளவுக்குத் திரும்ப வேண்டும். அங்கிருந்து ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ 1 சதவீதம் கூட்டிப் பாருங்கள். போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) தூக்கக் கனமாக இருந்தால், கேஸின் அடியில் எஜெக்டர் குறி (கேஸை வெளியே தள்ளும் பாகத்தின் தடம்) பளபளத்தால், பிரைமர் குழி தளர்ந்தால் நிறுத்துங்கள். பிரைமர் தட்டையாவதை மட்டும் நம்ப முடியாது. மென்மையான பிரைமர் சாதாரண அழுத்தத்திலும் தட்டையாகும். குரோனோகிராஃப் (புல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி) இருந்தால் இன்னும் நல்லது. அதே நீளக் குழாயில் கையேட்டின் உச்ச வேகத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்றால், பவுடர் அளவு குறைவாகவே இருந்தாலும் அழுத்தமும் தாண்டியிருக்கும் என்றே கொள்ள வேண்டும். தடித்த கேஸ் என்ற பயத்தில் ஆரம்ப அளவுக்கும் கீழே போகாதீர்கள். மெதுவாக எரியும் பவுடரைப் பெரிய கேஸில் மிகக் குறைவாகப் போடுவதும் ஆபத்து.

அடுத்து பிரைமர் குழி. பாக்ஸர் வகையில் நடுவில் ஒரே தீத்துளை (பிரைமரின் தீ பவுடருக்குப் போகும் வழி) இருக்கும். பெர்டான் வகையில் ஓரமாக இரண்டு. சைஸிங் டையில் விடும்முன் விளக்கடித்து உள்ளே பாருங்கள், இல்லாவிட்டால் பழைய பிரைமரைத் தள்ளும் டீகேப்பிங் பின் உடையும். சில நுண்ணிய போட்டிக் கேஸ்களில் தீத்துளை 1.5 மி.மீ. மட்டுமே, சாதாரண பின் அதில் சிக்கிக்கொள்ளும், மெல்லிய பின் மாட்டுங்கள். .308-லேயே சிறிய பிரைமர் குழியுள்ள கேஸ்களும் வருகின்றன. ராணுவக் கேஸில் பிரைமரைச் சுற்றிக் கிரிம்ப் (அதை இறுகப் பிடிக்கும் உலோக மடிப்பு) அழுத்தியிருக்கும். அதை ஸ்வேஜ் செய்தோ (அழுத்தித் தள்ளியோ) ரீமர் என்ற செதுக்கும் கருவி கொண்டோ நீக்காமல் புதுப் பிரைமரை அழுத்தினால் அது நசுங்கும், வெடிக்கவும் கூடும். ரீமரை அதிகம் சுற்றினால் குழி பெருத்துப் பிரைமர் நிற்காது. புதுப் பிரைமர் கைவிரல் பலத்திலேயே உள்ளே போய்விட்டால் அந்தக் கேஸின் ஆயுள் முடிந்தது.

நீளம் அளக்காமல் விடுவது கெட்ட பழக்கம். .308-ன் அதிகபட்ச நீளம் 2.015 அங்குலம், வெட்ட வேண்டியது 2.005-க்கு. .223-ல் 1.760, 1.750. நீண்ட கேஸின் வாய் சேம்பரின் முன்விளிம்பில் முட்டி, உள்நோக்கி மடங்கி, புல்லட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். விரிய இடமில்லாததால் அழுத்தம் எகிறும். சைஸ் செய்த பிறகுதான் அளக்க வேண்டும், ஏனெனில் சைஸிங்கே கேஸை நீட்டுகிறது.

கழுத்தின் தடிமனும் இதே தொல்லையைத் தரும். லோடு செய்த தோட்டாவின் கழுத்துக்கும் சேம்பரின் கழுத்துக்கும் குறைந்தது 0.003 அங்குல இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். 5.56 கேஸை வெட்டி .300 பிளாக்அவுட் செய்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய சுவரே புதுக் கழுத்தாகிவிடுவதால் சில ஹெட்ஸ்டாம்ப்கள் மிகத் தடித்துப்போகும். லோடு செய்ததை மைக்ரோமீட்டரில் அளந்து, 0.334 அங்குலத்தைத் தாண்டினால் அந்த முத்திரையையே விட்டுவிடுங்கள்.

சைஸ் செய்யும்போது தோளை (கழுத்துக்குக் கீழே சரிந்து அகலும் பகுதியை) எவ்வளவு பின்தள்ளுகிறோம் என்பதுதான் கேஸின் ஆயுளை முடிவு செய்கிறது. போல்ட் ரைஃபிளுக்கு 0.001–0.002 அங்குலம், செமி ஆட்டோவுக்கு 0.003–0.004 போதும். பித்தளையின் கடினம் லாட்டுக்கு லாட்டு மாறும். ஒரே டை அமைப்பிலும் கடினமான கேஸ் கூடுதலாகத் திரும்பி எழும், ஆகவே லாட் மாறும்போது கம்பரேட்டரில் (தோளின் இடத்தை அளக்கும் கருவியில்) மறுபடி அளந்து டையைச் சரிசெய்யுங்கள். தோளை அளவுக்கு மீறித் தள்ளினால், ஒவ்வொரு முறை சுடும்போதும் அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் இழுபட்டு மெலியும். வெளியே பளபளப்பான வளையம் தெரியும். ஒரு காகித கிளிப்பின் நுனியை வளைத்து உள்சுவரில் கீழிருந்து மேலாக இழுங்கள். பள்ளத்தில் தட்டினால் அந்த லாட் முழுவதையும் சோதிக்க வேண்டும். அடுத்த முறை கேஸ் இரண்டாகப் பிரிந்து சூடான வாயு போல்ட் வழியாகப் பின்னால் வரலாம்.

அனீல் செய்வதானால் (சூடாக்கிப் பித்தளையை மென்மையாக்குவதானால்) கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும் சூடு போக வேண்டும். அடிப்பகுதி மென்மையானால் அழுத்தத்தைத் தாங்காது. அதைச் சரிசெய்ய வழியே கிடையாது. அம்மோனியா கலந்த உலோகப் பாலிஷைப் பித்தளையில் தொடவே கூடாது. 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் உள்ள இந்தக் கலவையை அம்மோனியா விரிசல் விடவைக்கும். 19-ஆம் நூற்றாண்டில் குதிரை லாயங்களுக்கு அருகே வைத்திருந்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் பிளந்ததற்கு அதுவே காரணம்.

ஒவ்வொரு பெட்டியிலும் ஹெட்ஸ்டாம்ப், சுட்ட தடவை, கடைசியாக வெட்டிய நீளம், சராசரிக் கொள்ளளவு ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். ஒதுக்கிய கேஸின் வாயை இடுக்கியால் நசுக்கிவிட்டே குப்பையில் போடுங்கள். நசுக்காத கேஸ் எப்படியாவது நல்லவற்றோடு மறுபடி கலந்துவிடும்.